நீக்குவதற்குப் படிவம் இல்லை

கடவுச்சொல் காப்புக் குழுவின் கூட்டங்கள் ஒரு நிமிட மௌன அஞ்சலியோடு தொடங்கும். உலகம் முழுவதும் இதுவரை கசிந்துபோன கடவுச்சொற்களுக்கான அஞ்சலி அது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். செயலாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உறுப்பினர்கள் பதினோரு பேரும் தலை குனிந்து, மேஜைக்கு அடியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டரும் நின்றான். மௌனமாக நிற்பது அவனுக்குப் பழகிப்போன வேலை.

"உக்காருங்க," என்றார் தலைவர். "சொல்லுங்க தம்பி, உங்களுக்கு எதுக்கு பாஸ்வேர்டு?"

"டெஸ்ட் பண்றதுக்கு சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

பதினோரு பேரும் வருத்தத்துடன் தலையாட்டினார்கள்.

விஷயம் சின்னது. அவன் வேலை பார்த்த நிறுவனம் எழுதிய மென்பொருள்தான் ஊரில் உள்ள மருத்துவமனைகளில் டயாலிசிஸ் நாற்காலிகளைப் பங்கிட்டுக் கொடுத்தது. யாருக்கு எந்தக் கிழமை, எந்த நாற்காலி என்று அது சொல்லும். நர்ஸ் அதைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவாள். வெள்ளிக்கிழமை மாலை அதன் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். அதன் பெரும்பகுதியை எழுதியவன் ஒரு நிரலாளன். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். அன்று காலை கையில் டீக்கோப்பையுடன் டெஸ்டரின் மேஜைக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"மச்சி, ஒரு சந்தேகம். ஒருத்தரோட கிழமையை ஒரு தடவை மாத்திட்டா, புதுப் பதிப்புல அடுத்த வாரப் பட்டியல்லேர்ந்து அவர் பேரே விழுந்துடுதோன்னு தோணுது."

"தோணுதா, விழுதா?"

"அதைச் சொல்றதுக்குத்தானே உன்னை வச்சிருக்காங்க? எனக்குத் தோணுதுன்னா எவன் நிறுத்துவான்? ஒரு டெஸ்ட் தோத்து சிவப்பாகணும். அப்பதான் வெளியீடு நிக்கும்."

டெஸ்டருக்கு அத்தான் நினைவு வந்தது. முந்தின வாரம் அவனுடைய அக்கா போன் செய்திருந்தாள். "டேய், உங்க அத்தானுக்குக் கிழமை மாத்திட்டாங்கடா. செவ்வாய் வியாழன் சனி போய், இப்ப திங்கள் புதன் வெள்ளி. நாற்காலி மட்டும் அதே ஏழாம் நம்பர்தான். அதுல அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ எம்.எல்.ஏ. சீட்டு கிடைச்ச மாதிரி."

அத்தானுக்கு ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வந்து, கண்ணாடியின் சந்தேகமும் சரியாக இருந்தால், அடுத்த திங்கட்கிழமை ஏழாம் நம்பரில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார். அத்தான் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார். சண்டை போடத் தெரியாத மனிதர்.

சோதிப்பதற்கு ஒரு பொய் நோயாளி வேண்டும். அந்தப் பொய் நோயாளியாக உள்ளே நுழைய ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். சோதனைக்கென்று தனியாக ஒரு இயந்திரம் இருந்தது. அதில் உயிருள்ள ஒருவருடைய விவரமும் கிடையாது. திருட வந்தவன்கூட வெறுங்கையோடுதான் போக வேண்டும். அதன் வாசலில்தான் கடவுச்சொல் காப்புக் குழு காவல் நின்றது.

செயலாளர் அம்மா பதினான்கு பக்கப் படிவம் ஒன்றை அவன் முன் வைத்தார்.

"புகைப்படம் ரெண்டு ஒட்டணும் தம்பி."

"யாரோட புகைப்படம்மா?"

"யாருக்கு பாஸ்வேர்டோ அவரோடது."

"அது நிஜ ஆள் இல்லம்மா. சோதனைக்காக நானா உருவாக்கறது."

தலைவர் முன்னால் சாய்ந்தார். "நிஜ ஆள் இல்லாதவருக்கு நாங்க எப்படித் தம்பி பாஸ்வேர்டு குடுக்கறது? நாளைக்கு அவர் அதைத் தவறாப் பயன்படுத்தினா யாரைப் போய்ப் பிடிக்கறது?"

"விண்ணப்பத்துல நோயாளின்னு வேற எழுதியிருக்கார் சார்," என்றார் ஓர் உறுப்பினர். "சிறுநீரக அறிக்கை இணைக்கல."

டெஸ்டர் தன் புகைப்படத்தையே ஒட்டினான். ரத்த வகை, அங்க அடையாளம், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டே வந்தான். ஒன்பதாம் பக்கத்தில் 'திருமண நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே அவன் பேனா நின்றது.

இரண்டு வருடங்களுக்கு முன் அவன் மனைவி இறந்தாள். பன்னிரண்டாம் நாள் வேலைக்குத் திரும்பியவன், மருத்துவக் காப்பீட்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லிப் பணியாளர் பிரிவுக்குப் போனான். அங்கிருந்தவர் நல்ல மனிதர். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு அலமாரி முழுக்கத் தேடினார். "பேர் சேர்க்கறதுக்கு ஏழு படிவம் இருக்கு சார். நீக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே," என்றார். மேலே கேட்டுவிட்டு வந்து, அவர்களே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாமாம் என்றார். "அவங்கன்னா?" என்று கேட்டான். "உங்க மனைவி," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவளுக்கு இலவச உடல் பரிசோதனைக்கு அழைப்பு வருகிறது. வராததற்கு நினைவூட்டலும் வருகிறது.

பொய் நோயாளிக்கு 'மணமாகாதவர்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

செவ்வாய்க்கிழமை மாலை படிவம் தேறியது. பொய் நோயாளிக்கு அடையாள அட்டை வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பட்டையும் வந்தது. டெஸ்டரின் அட்டை வருவதற்கே மூன்று மாதம் ஆகியிருந்தது. அதில் இன்னும் பட்டை இல்லை.

புதன்கிழமை கடவுச்சொல் வழங்கும் சடங்கு. அதை முழுதாக எந்த ஒருவரும் அறியக் கூடாது என்பது குழுவின் அடிப்படைக் கொள்கை. ஆகவே அதை நான்கு துண்டாக்கி, துண்டுக்கு நான்கு எழுத்தாக, நான்கு காப்பாளர்களிடம் கொடுத்திருந்தார்கள். நான்கு பேரும் நான்கு மாடிகளில் இருந்தார்கள். எழுதித் தர மாட்டார்கள். காதில்தான் சொல்வார்கள். முதல் துண்டைக் கேட்டதிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் நான்கையும் தட்டச்சு செய்ய வேண்டும். மின்தூக்கியில் காத்திருப்பவர் வாய்விட்டு முணுமுணுக்கக்கூடும் என்பதால் படிக்கட்டில்தான் போக வேண்டும்.

முதல் முறை, மூன்றாம் மாடிக் காப்பாளர் விடுப்பில் இருந்தார். அவருடைய துணைக்காப்பாளருக்கு எழுத்துகள் தெரியாது. எவை பெரிய எழுத்து, எவை சின்ன எழுத்து என்பது மட்டும் தெரியும். "சின்னது, சின்னது, பெருசு, சின்னது," என்று காதில் மிக ரகசியமாகச் சொன்னார். விடுப்பிலிருந்தவரைப் போனில் பிடித்தார்கள். அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு மேல் நான்கு எழுத்தையும் கத்திச் சொன்னார். மண்டபத்தில் ஒரு முந்நூறு பேருக்காவது அது தெரிந்திருக்கும்.

இரண்டாம் முறை ஓடியபோதும் நேரம் போதவில்லை. மூன்றாம் முறை, ஐந்து நிமிடம் நாற்பது நொடியில், மூச்சிரைக்க நாற்காலியில் விழுந்து பதினாறு எழுத்தையும் அடித்தான் டெஸ்டர்.

பன்னிரண்டாவது எழுத்தோடு பெட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் அது எழுத்தை வாங்கவில்லை.

திரும்ப அடித்துப் பார்த்தான். பன்னிரண்டுதான். அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். மூன்று காப்பாளர் இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் பாதுகாப்பைப் பலப்படுத்த நான்காவது காப்பாளரை நியமித்தார்கள்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கும்போதே திரை பச்சையானது. 'சோதனைகள் 212. தோல்வி 0. வெளியீட்டுக்குத் தகுதி.'

உள்ளேயே நுழையவில்லை. ஆனால் எல்லாம் வெற்றி.

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து பழைய அறிக்கைகளைத் திறந்து பார்த்தான். வாசலில் கடவுச்சொல் மறுக்கப்பட்டால் சோதனைக் கருவி அந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடும். தாண்டியதைத் தோல்வி என்று எண்ணாது. தோல்வி இல்லையென்றால் பச்சை. மூன்று வருடங்களில் ஒரு நாள்கூட, ஒரு சோதனைகூட, உள்ளே நுழைந்ததில்லை. கட்டட முகப்பில் ஒரு பலகை தொங்கியது: 'தொடர்ந்து 1,126 நாட்கள் பிழையற்ற சோதனை.' தினமும் காலையில் காவலாளி ஏணி போட்டு ஏறி எண்ணை மாற்றுவார்.

வியாழக்கிழமை காலை குழு கூடியது. மௌனம் முடிந்ததும் டெஸ்டர் விஷயத்தைச் சொன்னான். பன்னிரண்டு, பதினாறு, தாண்டிப் போவது, பச்சை. குரலை உயர்த்தாமல் சொன்னான். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, மூணு வருஷமா யாருமே உள்ள போகல?"

"ஆமா சார். ஒருத்தர்கூட."

தலைவர் எழுந்து நின்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"நண்பர்களே, குறிச்சுக்குங்க. மூணு வருஷத்துல ஊடுருவல் பூஜ்ஜியம். திருடனும் போகல, நம்ம ஆளும் போகல. உலகத்துல எந்தக் கம்பெனி இப்படிச் சொல்லிக்க முடியும்? நம்ம பாஸ்வேர்டு நம்ம பூட்டுக்கே பொருந்தலைன்னா, வேற எவன்கிட்ட இருக்கிற பாஸ்வேர்டு பொருந்தும்? ரகசியம்னா மத்தவங்களுக்குத் தெரியக் கூடாது. இது நமக்கே தெரியாம இருந்திருக்கு. அதுதான் உச்சக்கட்டப் பாதுகாப்பு!"

பதினோரு பேரும் கை தட்டினார்கள். ஐந்தாவது காப்பாளர் ஒருவரை நியமிக்கும் யோசனையை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள்.

"சார், நாளைக்கு வெளியீடு," என்றான் டெஸ்டர். "கிழமை மாத்தினவங்க பேரு விழுந்துடுதான்னு பார்க்கணும். எங்க அத்தான் அந்தப் பட்டியல்ல இருக்கார்."

"டெஸ்ட் பச்சையா இருக்கே தம்பி?"

"டெஸ்ட் ஓடவே இல்ல சார்."

"ஓடினா சிவப்பாகலாம். ஓடாதவரைக்கும் பச்சை. உங்க அத்தான் மேல அக்கறை இருந்தா நீங்க எதை விரும்பணும்?"

டெஸ்டர் தன் மேஜைக்குத் திரும்பினான். சோதனைக் கருவியின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தான். யாரும் அதைப் படித்ததில்லை. அதன் மேல் ஒரு பூச்சட்டி இருந்தது. இரண்டாம் பக்கத்திலேயே ஒரு வரி இருந்தது: 'பெயர், கடவுச்சொல் பற்றி எதுவும் எழுதாமல் விட்டால், கருவி சோதனை இயந்திரத்துக்கென்று தன்னிடமுள்ள பெயரையும் சொல்லையும் தானே எடுத்துக்கொள்ளும்.'

எதுவும் எழுதாமல் விட்டால்.

கருவியின் அமைப்புக் கோப்புகளைத் திறந்து பார்த்தான். பதினொன்று இருந்தன. குழுவில் ஒவ்வொருவர் சேர்ந்தபோதும் ஒன்று சேர்ந்திருந்தது. முதல் கோப்பு, இரண்டாவதைப் பார் என்றது. இரண்டாவது, ஆறாவதைப் பார்த்துவிட்டு வா என்றது. ஆறாவதில் தலைவரின் வாழ்த்துச் செய்தி இருந்தது. பதினொன்றாவதுதான் நான்கு துண்டுகளையும் கேட்டது.

குழுவின் விதிமுறைப் புத்தகத்தையும் எடுத்துப் படித்தான். ஒரு கோப்பைச் சேர்க்கப் படிவம் வேண்டும், நான்கு கையெழுத்து வேண்டும், நாற்பத்திரண்டு வேலை நாட்கள் ஆகும். ஒரு வரியைத் திருத்தவும் அதே. நீக்குவதைப் பற்றிக் கடைசிப் பக்கம் வரை தேடினான். ஒரு சொல்கூட இல்லை. அவன் எதிர்பார்த்ததுதான். இந்த அலுவலகத்தில் எதையாவது நீக்க முடியும் என்று யாருக்குமே தோன்றியதில்லை. அதை அவனைவிட நன்றாக அறிந்தவர் அங்கே இல்லை.

பதினொன்றையும் நீக்கினான். ஒன்றும் சேர்க்கவில்லை. பிறகு சோதனையை ஓட்டினான்.

முதல் முறையாக அது நேரம் எடுத்துக்கொண்டது. கண்ணாடி ஓடிவந்து பின்னால் நின்றான். இருபது நிமிடம் கழித்துத் திரை சிவந்தது. தோல்வி 19. அதில் ஏழாவது வரி: 'கிழமை மாற்றப்பட்ட நோயாளி அடுத்த வாரப் பட்டியலில் இல்லை.'

"விழுது மச்சி," என்றான் கண்ணாடி. அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "நல்ல வேளை. நிஜமாவே விழுது."

சிவப்பைக் கண்டால் வெளியீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்படி ஒரு கதவு இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. காவலாளி ஏணியோடு வந்து, பலகையில் என்ன எண் போடுவது என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

மாலை நான்கு மணிக்கு அவசரக் கூட்டம். அஞ்சலியைக்கூட மறந்துவிட்டார்கள்.

"பதினோரு கோப்பு!" என்றார் தலைவர். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தோம்யா. யார் அனுமதி குடுத்தது?"

"நீக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்னு விதியில இல்ல சார்."

செயலாளர் அம்மா புத்தகத்தைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். "இல்ல சார்," என்றார் மெதுவாக.

தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவருக்கு வழி தெரிந்தது. "சரி. அந்தப் பத்தொன்பது பிழையும் குழு வழங்காத பாஸ்வேர்டால கண்டுபிடிச்சது. முறையில்லாமக் கண்டுபிடிச்ச பிழை, பிழையே ஆகாது. அப்படித் தீர்மானம் எழுதுங்க. நாளைக்கு வெளியீடு உண்டு."

டெஸ்டர் எழுந்தான். இரண்டு வருடங்களாக அவன் அந்த அலுவலகத்தில் எதற்கும் எழுந்து பேசியதில்லை.

"பிழை உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டு வரல சார். திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு எங்க அத்தான் அங்க போய் நிப்பார். நர்ஸ் உங்க பேரு இல்லையேம்பாங்க. அவர் சத்தம் போட மாட்டார், திரும்பி வீட்டுக்குப் போயிடுவார். எங்க அக்கா அவரைப் பார்ப்பா. அப்ப, இது முறையில்லாத பிழை, இது பிழையே இல்லன்னு அவகிட்ட வந்து சொல்றது யாரு? இங்க பதிமூணு பேர் இருக்கீங்க. பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அறையில் மௌனம். ஒரு நிமிடத்துக்கு மேலேயே போயிருக்கும். கைக்கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

"கோப்பு எல்லாத்தையும் திருப்பி வச்சுடுங்க," என்றார் தலைவர் கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டு. "வச்சுட்டா பச்சையாயிடும்ல?"

"ஆயிடும் சார். வைக்கறதுன்னா சேர்க்கறது. அதுக்குப் படிவம் இருக்கு." டெஸ்டர் தயாராகக் கொண்டுவந்திருந்த பதினோரு படிவங்களை மேஜையில் வைத்தான். "ஒரு நேரத்துல ஒரு கோப்புதான் சேர்க்கலாம். விதி மூணு."

"நானூத்தி அறுபத்திரண்டு வேலை நாள் சார்," என்றார் செயலாளர் அம்மா, கேட்பதற்கு முன்பே.

"அப்புறம் 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு," என்றான் டெஸ்டர். "அதுல 'டெஸ்ட் ஓடாமல் இருப்பதற்காக'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் போட மாட்டேன். நீங்க யாராவது போடுங்க."

படிவம் மேஜையைச் சுற்றி ஒரு முறை போனது. ஒவ்வொருவரும் அதைச் சூடான பாத்திரம் போல விரல் நுனியால் அடுத்தவரிடம் தள்ளினார்கள். சுற்றி முடித்து அவனிடமே திரும்பி வந்தது, வெறுமையாக.

வெள்ளிக்கிழமை வெளியீடு நடக்கவில்லை. பழைய பதிப்பே ஓடியது. கண்ணாடி மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விசிலடித்தபடி, பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டிருந்தான். டெஸ்டருக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வந்தது: 'பதினோரு கோப்புகளை நீக்கியது ஏன்?' அவன் ஒரு வரியில் பதில் எழுதினான்: 'தேவைப்படவில்லை.'

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அலுவலகப் படியேறும்போது அக்காவின் போன் வந்தது.

"உக்கார வச்சுட்டாங்கடா. அதே ஏழாம் நம்பர்."

"சரிக்கா."

"ஊசியும் போட்டாச்சு. உங்க அத்தான் ஒண்ணு கேக்கச் சொல்றார். எட்டாம் நம்பர்காரர் பயங்கரமாக் குறட்டை விடறாராம். உன் மிஷின்ல அவர் பேரை மட்டும் விழ வைக்க முடியுமான்னு கேக்கறார்."

"முடியாதுன்னு சொல்லு."

"சிரிக்கறார்டா," என்றாள் அக்கா. பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்," என்றான். உண்மையாகவே சாப்பிட்டிருந்தான்.

மேஜையருகே செயலாளர் அம்மா அவனுக்காகக் காத்திருந்தார். கையில் மை வாசனை போகாத ஒரு காகிதம். 'நீக்கல் படிவம்' என்று தலைப்பு. குழு சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடி உருவாக்கியது. இனிமேல் இந்த அலுவலகத்தில் இது இல்லாமல் ஒரு தூசியைக்கூட நீக்க முடியாது.

"எல்லாத் துறைக்கும் இதேதான் தம்பி," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதல் படிவத்தை உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். காப்பீட்டுல அவங்க பேர் இன்னும் இருக்குன்னு சொன்னாங்க. இப்ப எடுத்துடலாம்."

டெஸ்டர் வாங்கிப் படித்தான். நான்காவது கட்டத்தில் 'நீக்கப்படுபவரின் கையெழுத்து' என்று இருந்தது. அந்த அம்மாவும் அதை அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ, நான் இதைக் கவனிக்கலப்பா."

"பரவாயில்லம்மா. அவ இருக்கட்டும். அவளால இங்க யாருக்கும் தொந்தரவு இல்ல."

படிவத்தை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்து, 'நீக்கப்பட வேண்டியது' என்ற கட்டத்தில் 'கடவுச்சொல் காப்புக் குழு' என்று எழுதினான். 'காரணம்' என்ற கட்டத்தில் 'தேவைப்படவில்லை' என்று எழுதினான். கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு அவரிடம் நீட்டினான்.

"நாலாவது கட்டத்துக்கு மட்டும் தலைவர்கிட்ட வாங்கிடுங்கம்மா."

செயலாளர் அம்மா அதை மேலிருந்து கீழ் வரை படித்தார். ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, 'பெறப்பட்டது' என்று ஓங்கிக் குத்தினார்.